பிரிக்கும் நாள்: சென்ட்ரல் பார்க் வாயில்களும் இரவல் நிலமும்



நகரப் பூங்காவும் பொதுக்கலையும் என்று தலைப்புக் கொடுத்தீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாகத் திறப்பு விழாவில் தொடங்குவார்கள். நான் மறுமுனையில் தொடங்குகிறேன். 2005 பிப்ரவரி 28, திங்கட்கிழமை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் அதுவரை பதினாறு நாள் தொங்கிய துணிகளைத் தொழிலாளர்கள் கழற்றத் தொடங்கினார்கள். துணிக்குப் பின் சட்டம், சட்டத்துக்குப் பின் எஃகு அடிப்பாளம் என்று ஒவ்வொன்றாக வண்டி ஏறியது. மேயர் துணியை அவிழ்த்த முதல் நாளுக்குக் கிடைத்த கவனம் இந்த வேலைக்குக் கிடைக்கவில்லை. கிறிஸ்டோ, ழான்-குளோட் என்ற இருவரும் சேர்ந்து செய்த அந்த ‘வாயில்கள்’ என்ற படைப்பின் உயிர் இந்தப் பிரிக்கும் வேலையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஊரார் எல்லோருக்கும் பொதுவான பூங்காவில் தற்காலிகமாக ஒரு கலைப்படைப்பை நிறுத்துவது என்றால், ஊரார் நிலத்தை இரவல் வாங்குவது என்று பொருள். இரவல் கொடுப்பவர் எதை நம்பிக் கொடுக்கிறார்? படைப்பின் அழகை நம்பி அல்ல. அழகைப் பற்றி இரண்டு பேருக்கு ஒத்த கருத்து இருக்காது. அந்தப் படைப்பு எப்போது போகும், எப்படிப் போகும், போகும் செலவு யாருடையது என்ற மூன்றுக்கும் முன்கூட்டியே கிடைத்த விடையை நம்பித்தான் கொடுக்கிறார். அந்த விடையை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக ஒதுக்கிவிட முடியாது. படைப்பின் வடிவத்தையே அது மாற்றிவிடும். சென்ட்ரல் பார்க்கில் அது எப்படி மாற்றியது என்று பார்ப்போம்.

1. முதலில் நின்றது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பார்க்காதவர்கள்தானே நம்மில் அதிகம்.

சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரும் 1858-இல் தீட்டிய திட்டத்தில் உருவானது. இயற்கை போலத் தோன்றும் அதன் ஏரிகளும் மேடுகளும் பெரும்பாலும் மனிதர் வெட்டியவை, கொட்டியவை. அதன் நடைபாதைகளில் 23 மைல் நீளத்துக்கு 7,503 வாயில்கள் நின்றன. ஒவ்வொன்றும் 16 அடி உயரம். அகலம் பாதைக்குத் தக்கபடி ஐந்தரை அடி முதல் 18 அடி வரை. 12 அடிக்கு ஒன்று என்பது பொதுக்கணக்கு. மரக்கிளை தாழ்ந்திருக்கும் இடத்தில் வரிசை நின்றுவிடும், கிளையைத் தாண்டித் தொடரும். மேல்சட்டத்திலிருந்து காவிக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட நிறத்தில் நைலான் துணி தொங்கும். துணியின் கீழோரம் தரையிலிருந்து சுமார் 7 அடியில் முடிந்துவிடும். ஆகவே நடப்பவர் தலையில் படாது, அண்ணாந்தால் கண்ணை நிறைக்கும்.

பிப்ரவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் மொட்டை மரங்கள். இலை இல்லாத சாம்பல் நிறப் பூங்காவில் ஒரு பாதையில் நிற்பவர் மரங்களுக்கு ஊடே அடுத்த பாதையின் நிறத்தையும், அதற்கடுத்ததையும் பார்க்கலாம். இடையில் பனியும் பெய்தது. காற்றில் சட்டத்தின் மேல் சுருண்டுகொண்ட துணியை எடுத்துவிட நீண்ட கழிகளோடு ஆட்கள் சுற்றினார்கள். துணி கிழியாமல் இருக்கக் கழியின் நுனியில் டென்னிஸ் பந்து. நுழைவுச்சீட்டு கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது. வந்தவர்கள் 40 லட்சத்துக்கு மேல் என்றும், ஊருக்குள் புழங்கிய பணம் 25 கோடி டாலருக்கு மேல் என்றும் நகராட்சி மதிப்பிட்டது. இரண்டாவது எண்ணை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. திருவிழா நடத்தும் எந்த ஊராட்சியும் அப்படி ஓர் எண்ணைக் கையில் வைத்திருக்கும்.

2. இந்த 16 நாளுக்கு அனுமதி கேட்டது 1979-இல். மறுக்கப்பட்டது 1981-இல். கிடைத்தது 2003 ஜனவரியில்.

கலை வரலாற்று நூல்கள் 1981-இன் மறுப்பை அதிகாரவர்க்கத்தின் ரசனைக் குறைவாகவே எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய பூங்காத் துறை ஆணையர் கோர்டன் டேவிஸ் ஒரு வரியில் ‘முடியாது’ என்று எழுதி அனுப்பவில்லை. நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட அறிக்கை எழுதினார். இடம், காலம், அளவு மூன்றுமே பொருந்தவில்லை என்பது அவர் முடிவு. அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். 1975-இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் விளிம்புவரை போய்த் திரும்பியிருந்தது. புல்வெளிகள் புழுதிக்காடாகக் கிடந்தன. பாலங்களிலும் சிலைகளிலும் கிறுக்கல்கள். பூங்காவை மீட்பதற்கென்று குடிமக்களும் நகராட்சியும் சேர்ந்து சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சியைத் தொடங்கியதே 1980-இல்தான். நோயாளி படுக்கையில் எழுந்து உட்காரும்போது ஊர்வலத்துக்கு அழைத்தால் வீட்டார் என்ன சொல்வார்களோ, அதைத்தான் டேவிஸ் சொன்னார். அப்போது கேட்கப்பட்டதும் இப்போது நாம் படத்தில் பார்ப்பது அல்ல. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாயில்கள். இலையுதிர் காலத்தில், கூட்டம் மிகுந்த பருவத்தில். கால்களை ஊன்ற நிலத்தில் துளை.

இன்னொரு பயமும் இருந்தது: ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு எப்படி மறுப்பது? இது அதிகாரியின் சாக்குப்போக்கு என்று தோன்றலாம். ஆனால் நியூயார்க் மாநிலத்தில் பூங்கா நிலத்துக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. மக்களுக்காக நகராட்சி அதை அறக்கட்டளைச் சொத்துப்போல் வைத்திருக்கிறது. பூங்கா அல்லாத வேலைக்கு மாநிலச் சட்டமன்றத்தின் இசைவின்றி விடமுடியாது. 1920-இல் ‘வில்லியம்ஸ் எதிர் கல்லட்டின்’ என்ற வழக்கு இதே பூங்காவில் எழுந்தது. பூங்காவுக்குள் இருந்த ஆர்சனல் கட்டடத்தைத் தொழிற்பாதுகாப்பைப் பரப்பும் ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். நல்ல நோக்கம்தான், யாரும் கெட்டுப்போகப் போவதில்லை. ஆயினும் அது பூங்காவின் பயன் அல்ல என்று சொல்லி மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் குத்தகையைச் செல்லாதாக்கியது. நல்ல காரியம் என்பதற்காகப் பொதுநிலத்தைக் கொடுக்க முடியாது என்ற மரபில் வந்தவர் டேவிஸ். பொதுக்கலைக்கு இடம் தரும் எந்த அதிகாரியும் அவர் அறிக்கையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

அதே 1981 செப்டம்பரில் சைமன், கார்ஃபங்கல் பாட்டுக் கச்சேரிக்கு அதே பூங்காவின் பெரும்புல்வெளியில் ஐந்து லட்சம் பேர் திரண்டதாகக் கணக்கு. பூங்காவைச் சீரமைக்க நிதி சேர்ப்பதற்காக நடந்த கச்சேரி அது. ஒரு மாலைப்பொழுதோடு முடிந்துவிடும் என்பதால் அனுமதி எளிதாக இருந்தது. புல் பட்ட பாடு வேறு கதை; கடைசியில் அதற்கு வருகிறேன்.

3. மறுப்புக்கும் அனுமதிக்கும் இடையே 22 ஆண்டுகள். இந்த இடைவெளியில் மேயர்கள் மாறினார்கள் என்பது உண்மை. 2002-இல் மேயரான மைக்கேல் புளூம்பெர்க் முன்பே கன்சர்வன்சியின் அறங்காவலராக இருந்து இந்தத் திட்டத்தை ஆதரித்தவர். ஆனால் மேயரைவிட அதிகமாக மாறியது திட்டம்தான்.

வாயில்களின் எண்ணிக்கை குறைந்தது. பருவம் மாறியது: இலையுதிர் காலத்திலிருந்து, பறவையும் கூட்டமும் குறைந்த கடுங்குளிருக்கு. எல்லாவற்றிலும் பெரியது, துளை போனது. ஒவ்வொரு காலும் ஒரு கனத்த எஃகுப் பாளத்தின் மேல் நின்றது. அந்தப் பாளம் தார்ப்பாதையின் ஓரத்தில் சும்மா வைக்கப்பட்டது. எடையே பிடிமானம். இப்படி ஐயாயிரம் டன்னுக்கு மேல் எஃகு வேண்டியிருந்தது. நம் ஊர்த் தெருவில் பந்தக்கால் நட்ட குழி, விழா முடிந்து மாதக்கணக்கில் கால் இடற வைப்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஐயாயிரம் டன் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் என் வாதத்தின் மையம். அந்த எஃகுக்கு வேறு எந்த வேலையும் இல்லை. துளை போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. போகும்போது தடம் இருக்கக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகச் சுமக்கப்பட்ட எடை அது. பார்த்தவர்கள் துணியைப் பார்த்தார்கள். ஒரு பொறியாளர் நின்று பார்த்தால், ஒவ்வொரு காலின் கீழும் பிரிக்கும் நாளைத்தான் பார்த்திருப்பார்.

ஒப்பந்தம் 43 பக்கம். அதன் நிபந்தனைகளைப் படித்தால் கலை என்ற பேச்சையே காணோம். எல்லாம் வீட்டுக்காரர் வாடகைக்காரருக்கு விதிப்பவைதான். செடியையோ பாறையையோ தொடக்கூடாது. சிறிய வண்டிகள் மட்டும், அவையும் இருக்கும் பாதைகளில் மட்டும். பூங்காவின் அன்றாடப் புழக்கம் தடைபடக்கூடாது. ஆம்புலன்சும் காவல் வண்டியும் போக வழி வேண்டும். காப்பீடு கலைஞர்கள் பொறுப்பு, பூங்காத் துறையின் மேற்பார்வைச் செலவும் அவர்கள் பொறுப்பு. முழுவதையும் அகற்றும் செலவுக்கு முன்கூட்டியே பிணைத்தொகை. அகற்றியபின் பூங்காத் துறை வந்து பார்க்கும். திருப்தி ஏற்படும்வரை பிணைத்தொகை துறையிடமே இருக்கும். நிறுத்துவதற்கு முன்பே அகற்றுவதற்கான காசு கைமாறிவிட்டது. இதைவிடத் தெளிவாக ஒரு முடிவை எழுத முடியாது.

4. இப்படி எழுதாவிட்டால் என்ன ஆகும்? 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் எழுந்த பளிங்கு மாளிகையைப் பார்ப்போம். அது கலைப்படைப்பு அல்ல, உலகப் பொருட்காட்சிக்கான கட்டடம். ஆனால் நகரப் பூங்காவில் தற்காலிகமாக நின்ற பெரும் காட்சிப்பொருள் என்ற வகையில் இங்கே பொருந்தும்.

அதற்கும் கடும் எதிர்ப்பு இருந்தது. எல்ம் மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் கர்னல் சிப்தோர்ப் முழங்கினார். தோட்டக்கலையிலிருந்து கட்டடக்கலைக்கு வந்த ஜோசஃப் பாக்ஸ்டன் பெரிய எல்ம்களைக் கட்டடத்துக்கு உள்ளேயே விட்டு, அவற்றுக்கு மேல் வளைந்த கூரை போட்டார். இரும்பும் கண்ணாடியுமாக வேறிடத்தில் செய்து கொண்டுவந்து பூட்டிய கட்டடம், பிரித்து எடுக்கக்கூடியது. மே முதல் அக்டோபர் வரை 60 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகு. வெறுத்தவர்களால் பூங்காவுக்கு ஆபத்து வரவில்லை, விரும்பியவர்களால் வந்தது. இவ்வளவு அழகானதை ஏன் பிரிக்க வேண்டும், குளிர்காலத் தோட்டமாக அங்கேயே இருக்கட்டும் என்று பாக்ஸ்டனே இயக்கம் நடத்தினார். கொடுத்த வாக்கைக் காக்க 1852-இல் நாடாளுமன்றம் மறுக்க வேண்டியிருந்தது. ஹைட் பார்க்குக்கு அதன் புல் திரும்பக் கிடைத்தது. கட்டடத்தை ஒரு கம்பெனி வாங்கி, சிடன்ஹாம் குன்றில் இன்னும் பெரிதாக எழுப்பி 1854-இல் திறந்தது. பிற்காலத்தில் கடனில் தள்ளாடி, 1936 நவம்பர் 30 இரவு அது எரிந்து போனது.

நிலத்தின் முடிவு உறுதியாக இருந்தது. பொருளின் முடிவை யாரும் யோசிக்கவில்லை. நியூயார்க்கில் இரண்டையும் யோசித்திருந்தார்கள்.

5. பொருளின் முடிவு என்றேன். கழற்றிய எஃகு உருக்காலைக்குப் போனது. வினைல் கால்களும் நைலான் துணியும் அலுமினியமும் தனித்தனியே மறுசுழற்சிக்குப் போயின. வாயில்களைச் சேகரிப்பாளர்களுக்கு விற்கவில்லை. கேட்டவர்கள் கையில் சிறு சதுரத் துணியை இலவசமாகக் கொடுத்தார்கள்.

பிரிப்பதை நான் சற்று உயர்த்திப் பேசுவதால், அதன் கனத்தையும் சொல்ல வேண்டும். இதே கலைஞர்கள் 1991-இல் ஜப்பானில் 1,340 நீலக் குடைகளையும் கலிஃபோர்னியாவில் 1,760 மஞ்சள் குடைகளையும் ஒரே சமயத்தில் விரித்தார்கள். கலிஃபோர்னியாவில் சூறைக்காற்று ஒரு குடையைப் பிடுங்கியடித்ததில் ஒரு பெண் இறந்தார். உடனே இரண்டு நாட்டிலும் குடைகளை மூடச் சொன்னார்கள். பிரிக்கும்போது ஜப்பானில் பாரந்தூக்கி மின்கம்பியில் பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். இரண்டாவது மரணம் பிரிக்கும் வேலையில் நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். திறப்புவரை திட்டமிட்டு, மிச்சத்தை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடும் பழக்கம் கலை உலகில் பரவலாக உண்டு. நியூயார்க்கில் நிறுத்தியவர்களும் காத்தவர்களும் பிரித்தவர்களும் பயிற்சி பெற்று ஊதியம் வாங்கியவர்கள். தொண்டர்களை ஏற்பது இந்தக் கலைஞர்களின் வழக்கமாக இருக்கவில்லை. தொண்டு மனப்பான்மையைப் பற்றி உயர்வாகப் பேசும் நம் கலை விழாக்காரர்கள் இதை யோசிக்கலாம்.

6. மிஞ்சியது என்ன? செலவு 2.1 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். அரசுப் பணம் இல்லை, ஸ்பான்சர் இல்லை. கிறிஸ்டோ வரைந்த முன்வரைவு ஓவியங்களையும் பழைய படைப்புகளையும் விற்றுச் சேர்த்த பணம். அதற்கு மேல் பூங்காவுக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

இதில் ஒரு விதி இருந்தது. படைப்பு நின்று முடிந்தபின் அதைப் பற்றிக் கிறிஸ்டோ ஓவியம் வரைந்ததில்லை. இனி வரப்போவதைத்தான் வரைந்தார், நடந்ததை வரையவில்லை. ஆக, பிரிக்கும் நாளோடு ஓவியங்களின் ஊற்றும் அடைந்துவிட்டது, இருந்தவற்றின் விலை ஏறியது. முடிவில் வணிகமும் கலந்திருக்கிறது என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. கலந்திருக்கிறது என்பதே உண்மை. யாரும் வாங்க முடியாத ஒன்றை ஊருக்குக் கொடுக்க, வாங்கக்கூடிய ஒன்றை விற்றாக வேண்டும். இதை மறைக்காமல் செய்தார்கள் என்பதால் எனக்கு இதில் மனத்தாங்கல் இல்லை.

என் தயக்கம் வேறு இடத்தில். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

7. முடிவே ஈடு என்று இதுவரை வாதிட்டேன். அந்த ஈட்டைக் கட்ட யாரால் முடியும்?

வாயில்கள் நிற்பதற்கு ஆறு மாதம் முன்பு, 2004 ஆகஸ்டில், குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு நியூயார்க்கில் நடந்தது. ஈராக் போரை எதிர்த்த அமைப்புகள் பெரும்புல்வெளியில் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி கேட்டன. அதே புளூம்பெர்க் நிர்வாகம் மறுத்தது. காரணம் புல். 1990-களில் பெருஞ்செலவில் புதுப்பித்த புல்வெளி, இவ்வளவு பெரிய கூட்டத்தைத் தாங்காது என்றார்கள். ஆகஸ்ட் 29 அன்று லட்சக்கணக்கானோர் தெருக்களில் ஊர்வலமாகப் போனார்கள். புல்வெளியில் அனுமதி பெற்ற பொதுக்கூட்டம் எதுவும் நடக்கவில்லை.

நகராட்சியின் தரப்பைத் தள்ளிவிட முடியாது. வாயில்கள் தார்ப்பாதையில் நின்றன, புல்லை மிதிக்கவில்லை. கூட்டம் புல்லின் மேல்தான் நிற்கும். மழை வந்தால் சேறுதான். ஆனால் கால அளவில் பார்த்தால், கூட்டத்தைவிடத் தற்காலிகமானது எது? ஒரு பிற்பகல் கூடிக் கலைவது. அகற்ற எஃகும் இல்லை, துணியும் இல்லை. அதன் முடிவு அதற்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் அந்த முடிவை நம்பி நிலம் கொடுக்க நகராட்சி தயாராக இல்லை. பிணைத்தொகையோ, 43 பக்க ஒப்பந்தமோ, மேற்பார்வைக் கூலியோ போராட்ட அமைப்புகளிடம் இல்லை. கேட்கவும் கூடாது, பேச்சுரிமைக்குப் பிணைத்தொகை கேட்கும் நகரில் பிறகு யார் பேசுவார்கள்? கலைக்கு நான் இவ்வளவு நேரம் பாராட்டிய அளவுகோலை மக்களின் கூட்டத்துக்கு அப்படியே நீட்டினால் அது அநியாயமாகிவிடும். எனவே அளவுகோல் கலைக்கும் காட்சிக்கும் மட்டும் உரியது. கூடும் உரிமைக்கு வேறு கணக்கு வேண்டும். இரண்டையும் ஒரே விண்ணப்பப் படிவத்தில் ஒரே அலுவலகம் தீர்மானிக்கும் வரை இந்தக் குழப்பம் தீராது.

புல்வெளி மறுப்பை எதிர்த்து இரண்டு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2008 ஜனவரியில் நகராட்சி சமரசத்துக்கு வந்தது. பெரும்புல்வெளியில் கூடக்கூடியோர் எண்ணிக்கைக்கு இடையில் 50,000 என்று வகுத்திருந்த உச்சவரம்பை 75,000 ஆக உயர்த்த ஒப்புக்கொண்டது. அதற்குள் மாநாடு முடிந்து மூன்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.